சொட்டு விழுவதற்கு முன்

வேதியியல் ஆய்வகத்துக்குள் முதன்முறை நுழையும் மாணவர், அங்கே வேதியியலைக் கற்பதற்கு முன் வேறு பலவற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. பியூரெட்டைத் தாங்கியில் செங்குத்தாகப் பொருத்துவது, பிப்பெட்டின் குறிக்கோடு வரை கரைசலை ஏற்றி அங்கேயே நிறுத்துவது, எந்தப் புட்டியில் எது இருக்கிறது என்று தேடுவது, ஆசிரியர் வாய்மொழியாகச் சொன்ன ஏழெட்டுக் கட்டளைகளை வரிசை மாறாமல் நினைவில் வைத்திருப்பது, பக்கத்து மேசையில் என்ன நிறம் வந்திருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பது, இடையிடையே அப்சர்வேஷன் நோட்டில் அளவீடுகளைக் குறிப்பது என எல்லாமும் ஒரே நேரத்தில் அவர்மீது வந்து விழுகின்றன. குடுவைக்குள் என்ன வினை நடக்கிறது, அது ஏன் நடக்கிறது என்ற கேள்விக்கு இந்த நெரிசலில் மனத்தில் இடமே இருப்பதில்லை. செய்முறை வகுப்பு முடிந்து வெளியே வருபவரிடம் அன்று என்ன செய்தார் என்று கேட்டால் விடை வரும். ஏன் செய்தார் என்று கேட்டால் பெரும்பாலும் வராது.

இது மாணவரின் சோம்பலால் நேர்வதன்று என்பதை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்பித்தலை ஆராய்ந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் 1980-களின் தொடக்கத்திலேயே சுட்டிக்காட்டினார். மனிதர் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போது அதற்குத் தேவையான தகவல்களைத் தற்காலிகமாக ஏந்திக்கொள்ளும் நினைவுப் பகுதியைச் செயல்நினைவு என்று உளவியலாளர்கள் அழைக்கின்றனர்; அதன் கொள்ளளவு மிகச் சிறியது. ஏறத்தாழ ஏழு கூறுகளுக்கு மேல் அதில் நிற்பதில்லை என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் பழம்பெரும் ஆதாரம். ஆய்வக மேசையோ ஒரே நேரத்தில் பதினைந்து, இருபது கூறுகளைக் கேட்கிறது. கொள்ளாத பாத்திரத்தில் ஊற்றினால் வழிவதைப் போல முதலில் வழிந்து போவது பொருள். எஞ்சி நிற்பது சமையற்குறிப்பைப் பின்பற்றுவது போன்ற இயந்திரச் செயல். ஆகவே சுமையின் ஒரு பகுதியை ஆய்வகத்துக்கு வரும் முன்பே இறக்கிவைக்க வேண்டும் என்பது ஜான்ஸ்டனும் அவர் வழி வந்தவர்களும் கண்ட தீர்வு. அந்த முன்தயாரிப்பு அன்று அச்சிட்ட தாளாக இருந்தது. இன்று அது பெரும்பாலும் கைப்பேசியில் ஓடும் காணொலியாக இருக்கிறது.

வேளச்சேரிச் சாலையில்

இணையவழிக் காணொலிக் கல்வி என்ற பெருமுயற்சியின் இந்தியத் தலைநகரம் எது என்று கேட்டால், வேளச்சேரி மக்கள் தங்கள் பக்கத்து மதிலைக் கைகாட்டலாம். என்.பி.டி.இ.எல். எனப்படும் தொழில்நுட்பவழிக் கற்றலுக்கான தேசியத் திட்டம் 1999-இல் கருக்கொண்டு, 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் கூட்டு முயற்சியாகத் தொடங்கியபோது, அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.யிடம் இருந்தது. அந்தத் திட்டத்தை முன்னின்று வளர்த்தவர்களில் இருவர் வேதியியலுக்கு நெருக்கமானவர்கள் என்பது அதிகம் பேசப்படாத செய்தி: 2001 முதல் 2011 வரை சென்னை ஐ.ஐ.டி.யின் இயக்குநராக இருந்த எம்.எஸ். அனந்த் வேதிப் பொறியியல் பேராசிரியர். திட்டத்தின் இணையப் பகுதியை ஒருங்கிணைத்த மங்கள சுந்தர் கிருஷ்ணன் வேதியியல் துறைப் பேராசிரியர். குவாண்டம் வேதியியல், நிறமாலையியல் போன்ற பாடங்களில் அவருடைய விரிவுரைகளை நாடெங்கும் உள்ள மாணவர்கள் பார்க்க முடிகிறது.

விரிவுரை இவ்வாறு மதில் தாண்டி எளிதாக வெளியேறிவிட்டது, ஆய்வகம் தாண்டவில்லை. 2017 ஜூலையில் ஸ்வயம் என்ற இணையவழிப் பாடத் தளம் தொடங்கப்பட்டு, பல்கலைக்கழக மானியக் குழு 2021-இல் வகுத்த விதிகளின்படி ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை இணையவழியில் படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம் என்ற நிலை வந்த பிறகும், ஆய்வகம் ஆய்வகமாகவே இருந்தது. ஸ்வயம் பாடங்களுக்காக 2016-இல் வெளியான முதல் விதிமுறைகளே, பாடத்துக்குத் தேவையான ஆய்வக, கணினி, நூலக வசதிகளை மாணவர் பயிலும் கல்லூரிதான் அளிக்க வேண்டும் என்று பொறுப்பைத் திருப்பிவிட்டிருந்தன. 2023-இல் சென்னை ஐ.ஐ.டி. தொடங்கிய மின்னணு அமைப்புகள் குறித்த இணையவழிப் பட்டப்படிப்பில்கூட, ஆய்வகப் பாடங்களுக்காக மாணவர்கள் சென்னை வளாகத்துக்கு நேரில் வர வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும் திரையில் தர முடிந்த நிறுவனமே கைவேலைக்கு ஆளை நேரில் அழைக்கிறது என்றால், திரைக்கும் மேசைக்கும் இடையிலான எல்லைக்கோட்டைப் பற்றி அதற்குத் தெளிவு இருக்கிறது என்று பொருள்.

அதே வேளச்சேரிச் சாலையில் 1971-இல் தொடங்கப்பட்ட குரு நானக் கல்லூரி இருக்கிறது. விஜயநகர், தண்டீஸ்வரம், நூறடிச் சாலை என்று சுற்றிவந்தால் பள்ளிகளும், மருத்துவ, பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கான பயிற்சி மையங்களும் அடுத்தடுத்துத் தென்படும். இந்த ஒரே வட்டாரத்தில் வேதியியல் காணொலிகளுக்கு ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று பயன்கள் உள்ளன: விரிவுரைக்கு மாற்று, ஆய்வகத்துக்கு முன்தயாரிப்பு, ஆய்வகத்துக்கே போகாமல் மதிப்பெண் பெறும் வழி. மூன்றாவதைப் பற்றிப் பின்னர் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் இங்கே முதன்மை.

ஒரு பெர்மாங்கனேட் வகுப்பு

நல்ல முன்தயாரிப்புக் காணொலி எதைக் காட்ட வேண்டும் என்பதை அறிய, தமிழ்நாட்டின் மேல்நிலைப் பள்ளி முதல் கல்லூரி முதலாண்டு வரை எல்லோரும் கடந்து வரும் ஒரு சோதனையை எடுத்துக்கொண்டால் போதும். செறிவு தெரிந்த ஒரு கரைசலைக் கொண்டு, செறிவு தெரியாத மற்றொரு கரைசலின் செறிவை, இரண்டும் எந்தப் பருமனில் முழுமையாக வினைபுரிகின்றன என்று அளந்து கண்டுபிடிப்பது பருமனறி பகுப்பாய்வு. அதன் கைவேலைப் பகுதிக்குத் தரம் பார்த்தல் என்று பெயர். பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசலைப் பியூரெட்டிலும் ஆக்சாலிக் அமிலக் கரைசலைக் கூம்புக் குடுவையிலும் எடுத்துத் தரம் பார்க்கும் சோதனைக்குத் தனி நிறங்காட்டி தேவையில்லை. பெர்மாங்கனேட்டின் அடர் ஊதா நிறமே வினை முடிந்ததை அறிவித்துவிடும். குடுவையில் மறையாமல் நிற்கும் முதல் வெளிர் இளஞ்சிவப்பே முடிவுநிலை.

சொல்லும்போது இரண்டு வரிதான். மேசையில் இது எத்தனை இடங்களில் தடுக்கும் என்பது செய்தவர்களுக்குத் தெரியும். ஆக்சாலிக் அமிலக் கரைசலுடன் நீர்த்த கந்தக அமிலத்தைச் சேர்த்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கிய பின்னும், முதலில் விழும் சொட்டின் நிறம் சில நொடிகள் மறையாமல் நிற்கிறது. முதல்முறை செய்பவர் அதையே முடிவுநிலை என்று எண்ணி அளவைக் குறித்துவிடுகிறார். உண்மையில் அங்கே நடப்பது சுவையான ஒரு செய்தி: இந்த வினையில் உருவாகும் மாங்கனீசு அயனிகளே இந்த வினையை விரைவுபடுத்தும் வினையூக்கியாகவும் செயல்படுகின்றன, முதல் சொட்டின்போது அவை இல்லாததால் வினை தயங்குகிறது, அவை சிறிது சேர்ந்ததும் அடுத்தடுத்த சொட்டுகளின் நிறம் கண்ணிமைக்கும் நேரத்தில் மறைகிறது. தன் விளைபொருளாலேயே வேகம் பெறும் இந்த நிகழ்வுக்குத் தன்வினையூக்கம் என்று பெயர். பாடநூலில் ஒரு பத்தியாக வாசித்தபோது ஒட்டாத இந்தக் கருத்து, சூடான குடுவையில் ஊதாச் சொட்டு தயங்கி நின்று பிறகு மறைவதை அண்மைக் காட்சியாகப் பார்க்கும்போது சட்டென்று ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நாள் தன் கையால் செய்யும்போது அந்தத் தயக்கத்தை மாணவர் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்.

இதைவிட முக்கியமானவை பிழைகள். அமிலம் போதாமலோ, பெர்மாங்கனேட்டை அவசரமாக ஊற்றிவிட்டாலோ, குடுவையில் மாங்கனீசு டை ஆக்சைடு உருவாகிப் பழுப்புக் கலங்கல் வந்துவிடும். அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதைத் தவிர வழியில்லை. கந்தக அமிலத்துக்குப் பதிலாக ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை எடுத்துவிட்டால் பெர்மாங்கனேட் குளோரைடையும் ஆக்சிஜனேற்றம் செய்து குளோரினாக்கும், கணக்கு பிசகும். பியூரெட்டின் முனையில் காற்றுக்குமிழி தங்கியிருந்தால், அது வெளியேறும் கணத்தில் அதன் பருமனும் அளவீட்டில் சேர்ந்துவிடும். பியூரெட்டை அதில் நிரப்பப்போகும் கரைசலாலேயே கழுவ வேண்டும். கூம்புக் குடுவையை மட்டும் கரைசலால் கழுவக் கூடாது, வாலைவடிநீரோடு நிறுத்த வேண்டும் என்ற இருவேறு விதிகள் ஆண்டுதோறும் தலைகீழாக மாறி ஒலிக்கின்றன. நிறமற்ற கரைசல்களில் பிறைதளத்தின் அடிப்பகுதியை, அதாவது குழாயில் திரவத்தின் வளைந்த மேற்பரப்பின் கீழ்விளிம்பை, கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்று பழக்கிவிட்டு, பெர்மாங்கனேட் போன்ற அடர்நிறக் கரைசலுக்கு மேல்விளிம்பைப் படிக்கச் சொல்வதும் குழப்பத்துக்கு இடம் தருவதே.

கிடைக்கும் காணொலிகளில் பெரும்பாலானவை இந்தப் பிழைகளைக் காட்டுவதில்லை. அவற்றில் எல்லாம் சரியாக நடக்கிறது. தேர்ந்த கை, குறையற்ற கண்ணாடிக் கலம், முதல் முயற்சியிலேயே வெளிர் இளஞ்சிவப்பு. அது திறமையின் காட்சி. தயாரிப்புக்கு அதனால் கிடைக்கும் உதவி குறைவு. பழுப்புக் கலங்கலை வேண்டுமென்றே உண்டாக்கி, இது ஏன் வந்தது என்று கேட்டுவிட்டு அங்கேயே காணொலியை நிறுத்தும் ஆசிரியர், பிழையற்ற ஐந்து காணொலிகளைவிட அதிகம் கற்பித்துவிடுகிறார். இணையவழி முன்தயாரிப்பின் மதிப்பு முழுவதும் இந்த ஒரு தேர்விலேயே அடங்கியிருக்கிறது: மாணவர் எதைச் செய்வார் என்று காட்டுவதா, எங்கே தடுக்கி விழுவார் என்று காட்டுவதா?

பிரிஸ்டலின் குடுவையும் சென்னையின் வியர்வையும்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகம், ஆய்வகக் கையேட்டையே காணொலிகளும் பாவனைப் பயிற்சிகளும் கொண்ட மின்கையேடாக மாற்றி, அதை முடித்த பிறகே மாணவர் மேசைக்கு வரலாம் என்ற ஏற்பாட்டைச் செய்து பெயர்பெற்றது. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் போலியாகாஃப் தலைமையிலான குழு 2008-இல் தொடங்கிய தனிம அட்டவணைக் காணொலிகளை உலகமே பார்த்தது. இவை தரமானவை என்பதில் ஐயமில்லை. சென்னையின் ஆய்வகத்துக்கு அப்படியே பொருந்துமா என்பதுதான் கேள்வி.

சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை எடைபோடுவதைக் காட்டும் வெளிநாட்டுக் காணொலியில் அவை வெண்மையாக, உலர்ந்து, ஒழுங்காக உருளும். கடற்காற்று வீசும் நகரத்தில் தராசுத் தட்டில் வைத்த சிறிது நேரத்திலேயே அவை ஈரம் உறிஞ்சிப் பிசுபிசுத்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடையும் ஏற்றுக்கொள்ளத் தொடங்கிவிடும். எடைபோட்டுக் கரைத்த கரைசலின் செறிவை நம்பாமல் அதையும் ஆக்சாலிக் அமிலத்தால் தரம் பார்க்கச் சொல்வதன் காரணம் இங்கே கண்ணுக்கு முன் நடக்கிறது. டை எத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி செல்சியஸ். மே மாதச் சென்னையில் மின்விசிறி மட்டுமே உள்ள அறையில் அந்தப் புட்டியைத் திறப்பது லண்டனில் திறப்பது போன்றதன்று. மின்விசிறி ஓடினால் புன்சன் சுடர் ஆடும், நிறுத்தினால் வியர்வை வழியும். வியர்வையில் இருக்கும் உப்பு சுடர்ச் சோதனைக் கம்பியில் பட்டால் எந்த உப்பை வைத்தாலும் சோடியத்தின் பொன்மஞ்சள் மட்டுமே தெரியும். வெளிநாட்டுத் திட்டக் குடுவைகளில் 20 டிகிரி என்று பொறித்திருக்க, இந்தியத் தர நிர்ணயப்படி செய்த குடுவைகளில் 27 டிகிரி என்று பொறித்திருப்பதை மாணவர்கள் நாள்தோறும் கையில் பிடித்தும் கவனிப்பதில்லை. கண்ணாடி எந்த வெப்பநிலையில் சரியான பருமனைக் காட்டும் என்பதைச் சொல்லும் அந்தச் சிறு எண்ணில் நாட்டின் தட்பவெப்பமே எழுதப்பட்டிருக்கிறது.

இதனால்தான் ஆய்வக முன்தயாரிப்புக்கு உகந்த காணொலி பெரும்பாலும் அந்த ஆய்வகத்திலேயே எடுக்கப்பட்டதாக இருக்கிறது. கண்ணாடித் திருகு உள்ள பியூரெட்டைக் காணொலியில் பார்த்துவிட்டு வருபவருக்கு, மேசையில் ரப்பர் குழாயும் கிளிப்பும் மாட்டிய பியூரெட் காத்திருந்தால் பார்த்ததில் பாதி வீண். இடக்கையால் திருகைப் பிடித்து வலக்கையால் குடுவையைச் சுழற்றுவது ஒரு பழக்கம். கிளிப்பை அழுத்தும் விரலின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துச் சொட்டை அடக்குவது வேறொரு பழக்கம். வாயால் பிப்பெட்டை உறிஞ்சும் ஆபத்தான வழக்கம் இன்னும் எல்லா இடத்திலும் ஒழிந்துவிடவில்லை. ரப்பர் குமிழைப் பொருத்தி ஏற்றுவதைத் தம் ஆசிரியரின் கையே செய்வதைத் திரையில் பார்ப்பவர் அதையே இயல்பு என்று கொள்வார். இதற்கு ஒளிப்பதிவுக் குழு வேண்டியதில்லை. ஒரு கைப்பேசி, அதை மார்பளவு உயரத்தில் நிறுத்தும் ஒரு தாங்கி, குடுவைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாள் ஆகியவை போதும். முகம் தேவையில்லை, கைகள் தெரிய வேண்டும்.

நிறத்தில்தான் கைப்பேசி காலைவாரிவிடும். கேமரா, தனக்கு முன்னால் உள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப வெண்மையைத் தானே திருத்திக்கொள்வது. அந்தத் திருத்தத்தில் முடிவுநிலையின் மெல்லிய இளஞ்சிவப்பு வெளிறி வெள்ளையாகிவிடும், அல்லது மாணவர் மேசையில் பார்க்கக் கூடாத அளவுக்கு அடர்ந்து தெரியும். பொட்டாசியத்தின் வெளிர் ஊதாச் சுடரைப் பல கேமராக்கள் நீலமாகவே காட்டுகின்றன. பினால்ப்தலீன் நிறங்காட்டியின் இளஞ்சிவப்பு எப்படி இருக்கும் என்பதைத் திரையில் கற்றவர், மேசையில் ஐந்தாறு சொட்டுகள் கூடுதலாக விட்டு, அடர்சிவப்பு வந்த பிறகே நிறுத்துவது இதனால்தான் போலும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர், பியூரெட்டின் மிகச் சிறிய பிரிவு 0.1 மில்லிலிட்டர் என்பதை நினைத்தால், ஐந்து சொட்டு என்பது எவ்வளவு பெரிய பிழை என்று விளங்கும். வாசனை, சூடு, கண்ணாடித் திருகு இறுகும்போது விரலுக்குக் கிடைக்கும் உணர்வு ஆகியவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எஸ்டரின் பழமணத்தையும் அம்மோனியாவின் நெடியையும் எந்தத் திரையும் இதுவரை கொண்டு வந்து சேர்க்கவில்லை.

விடை தெரிந்த பின் பார்ப்பது

காணொலிகளின்மீது வைக்கத்தக்க கடுமையான குற்றச்சாட்டு, நிறமும் மணமும் திரையில் சரியாக வராதது அன்று; விடையை முன்பே காட்டிவிடுவதுதான். தரப்பட்ட உப்பில் எந்த நேர்அயனி, எந்த எதிர்அயனி இருக்கிறது என்று கண்டறியும் உப்புப் பகுப்பாய்வின் அட்டவணையில் சோதனை, உற்றுநோக்கல், ஊகித்தல் என்று மூன்று பத்திகள் உண்டு. செய்தது எது, கண்டது எது, அதனால் கொண்ட முடிவு எது என்று பிரித்து எழுதப் பழக்குவதே அந்த அமைப்பின் நோக்கம். அறிவியல் மனப்பான்மை என்று மேடைகளில் பேசப்படும் பெரிய சொல்லுக்குத் தமிழ்நாட்டு மாணவர் கையில் கிடைக்கும் மிக எளிய கருவி அந்த மூன்று பத்திகள்தாம். நைட்ரேட் சோதனையில் பழுப்பு வளையம் தோன்றும் என்று முந்தைய இரவே அண்மைக் காட்சியாகப் பார்த்துவிட்டு வருபவருக்கு, இரண்டாவது பத்தி காலியாக இருக்கும்போதே மூன்றாவது பத்தி நிரம்பிவிடுகிறது. நைட்ரேட் என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, வளையம் வந்ததா என்று பிறகு தேடுகிறார். வராவிட்டாலும் வந்ததாக எழுதுகிறார். பழைய ரெக்கார்டு நோட்டுகளைப் பார்த்து எழுதிய காலத்திலும் இது நடந்ததுதான் என்றாலும், காணொலி அதற்கு ஒரு புதிய நம்பகத்தன்மையைக் கொடுத்துவிட்டது; தன் கண்ணால் பார்த்தேன் என்று அவர் உண்மையாகவே சொல்ல முடியும்.

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலில் 100 மதிப்பெண்ணில் செய்முறைத் தேர்வுக்கு 20 என்ற ஏற்பாடும், அந்தத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன் வந்துவிடுவதும், உப்பைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கும் குறுக்குவழி, வைவாவில் கேட்கும் கேள்விகள் என்ற தலைப்புகளில் வரும் காணொலிகளுக்குச் சந்தையை உண்டாக்கியிருக்கின்றன. 2024-ஆம் ஆண்டு முதல் நீட் தேர்வின் பாடத்திட்டத்தில் செய்முறை வேதியியலின் அடிப்படைகள் தனி அலகாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. நோக்கம் நல்லது, செய்முறைக்கு மதிப்புக் கொடுத்தால் மாணவர் ஆய்வகத்தை மதிப்பார் என்பது எண்ணம். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் தேர்வுக்கு ஆய்வகமே தேவையில்லை என்பதைப் பயிற்சி மையங்கள் உடனே புரிந்துகொண்டன. சோதனைக்குழாயைத் தொடாமலே செய்முறை வேதியியலில் முழு மதிப்பெண் பெற முடிகிற வினோத நிலை இப்போது இருக்கிறது.

பார்ப்பதா, செய்வதா என்ற வாதம் புதிதன்று. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் மைக்கேல் ஃபாரடே போன்றவர்கள் மேசைமீது சோதனைகளைச் செய்துகாட்ட, அரங்கம் நிறைந்து பார்த்தது. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் ஜெர்மனியின் கீசன் நகரில் யுஸ்டுஸ் லீபிக், மாணவர் ஒவ்வொருவரையும் தம் கையால் பகுப்பாய்வு செய்யவைத்த ஆய்வகத்தை உருவாக்கினார். இன்றைய வேதியியல் கல்வி அந்தக் கீசன் மேசையின் வாரிசு. காணொலியோ ஃபாரடேயின் மேசை கைப்பேசிக்குள் திரும்பி வந்ததுதான். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்ய முயலும்போதுதான் சிக்கல் வருகிறது.

விளைவைக் காட்டாமல் வேலையைக் காட்டுவது என்ற எளிய ஒழுங்கு இதைப் பெரிதும் தீர்க்கும். வளையச் சோதனைக் காணொலி, அமிலத்தைக் குழாயின் பக்கவாட்டில் மெதுவாக வழியவிட்டு இரு திரவ அடுக்குகள் கலங்காமல் நிற்கச் செய்யும் கைப்பக்குவத்தைக் காட்டிவிட்டு, வளையம் தோன்றும் நொடிக்கு முன் நின்றுவிடலாம். எடின்பரோவில் பணியாற்றிய மைக்கேல் சீரி, ஹென்ட்ரா அகுஸ்தியான் இருவரும் 2017-இல் முன்தயாரிப்பு முறைகளைத் தொகுத்து ஆராய்ந்த கட்டுரையும், ஆய்வகத்தில் அந்தந்த நேரத்துக்குத் தேவைப்படும் சிறு விவரங்களிலிருந்து, முன்பே புரிந்திருக்க வேண்டிய கருத்துகளைப் பிரித்து வைக்கச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே காணொலியில் திணித்தால் இறக்கிவைத்த சுமை திரையில் மீண்டும் ஏறிக்கொள்ளும். இணையப் பாடங்களில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டின் ஒரு கட்டுரை, ஆறு நிமிடத்துக்குக் குறைவான காணொலிகளே அதிகம் ஈர்த்ததாகக் கண்டது. வேளச்சேரி பறக்கும் ரயிலில் இரண்டு மூன்று நிலையங்கள் கடப்பதற்குள் பார்த்து முடிக்கக்கூடிய அளவு அது.

ஆசிரியர் இல்லாத இரவு

வீட்டில் காணொலி, வகுப்பில் வேலை என்று வரிசையைத் திருப்பிப்போடும் முறைக்குத் தலைகீழ் வகுப்பறை என்று பெயர் வந்தது. அதைப் பரப்பிய ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் இருவரும் அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள உட்லண்ட் பார்க் பள்ளியின் வேதியியல் ஆசிரியர்கள் என்பது தற்செயலாகத் தோன்றவில்லை. 2007-இல் வகுப்புக்கு வராத மாணவர்களுக்காகப் பாடங்களைப் பதிவுசெய்யத் தொடங்கிய அவர்கள், வகுப்பு நேரம் விடுதலையானதைக் கண்டனர். வேதியியலில் அப்படி விடுதலையாகும் நேரத்துக்கு உடனடியாக ஒரு பயன் உண்டு, அது ஆய்வகம்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஓரளவு முன்பே போடப்பட்டிருந்தது. 2018-இல் வெளிவரத் தொடங்கிய புதிய பாடநூல்களின் பக்கங்களில் அச்சிட்ட க்யூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தால் காணொலிக்குப் போகலாம். 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. ஏழு மாதம்கூட ஆகாத நிலையில் பெருந்தொற்று வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது அவை இரண்டும் திடீரென்று அவசியமாகிவிட்டன. அந்த ஆண்டுகளில் மேல்நிலை வகுப்பைக் கடந்த மாணவர்களில் பலர் பியூரெட்டைப் படத்தில் மட்டுமே பார்த்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தனர். கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட அமிர்தா பல்கலைக்கழகமும் மும்பை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய இணைய ஆய்வகம் போன்ற பாவனைத் தளங்கள் இதில் காணொலியைவிட ஒரு படி முன்னே செல்பவை. சுட்டியை அசைத்துப் பியூரெட்டைத் திறந்து மூடலாம், தவறினால் ஒரு சொடுக்கில் மீண்டும் தொடங்கலாம். தவறுக்கு விலையில்லாத இடத்தில் கவனம் கூர்மையடைவதில்லை என்ற குறை அவற்றுக்கு உண்டு. 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்காக வானவில் மன்றம் என்ற நடமாடும் அறிவியல் ஆய்வகத் திட்டத்தை மாநில அரசு தொடங்கியது, கருவிகள் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டதாகவே கொள்ளத்தக்கது.

மொழியும் இந்த இரவுத் தயாரிப்பில் ஒரு பெரும் பங்கு வகிக்கிறது. பருமனறி பகுப்பாய்வு, நிறங்காட்டி, முடிவுநிலை என்று தமிழ்வழியில் படித்தவர், கல்லூரி ஆய்வகத்தில் வால்யூமெட்ரிக் அனாலிசிஸ், இண்டிகேட்டர், எண்ட் பாயிண்ட் என்று கேட்கும்போது, தெரிந்த பொருளையே தெரியாததாக எண்ணி மிரள்கிறார். செயல்நினைவின் அந்தச் சிறு பாத்திரத்தில் மொழிமாற்ற வேலையும் சேர்ந்துகொள்கிறது. யாழ்ப்பாணத்தில் மருத்துவக் கல்வியைத் தமிழில் நடத்திய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19-ஆம் நூற்றாண்டிலேயே வேதியியல் நூலைத் தமிழாக்கி, அதற்குக் கெமிஸ்தம் என்று பெயரிட்டது இந்தச் சிக்கலின் வயதைக் காட்டுகிறது. ஆசிரியரின் பேச்சுத்தமிழில், இரு சொற்களும் அடுத்தடுத்து ஒலிக்க, கலத்தைக் கையில் பிடித்தபடியே பெயர் சொல்லும் காணொலி அகராதியால் ஆகாததைச் செய்யும். தேவைப்படும்போது நிறுத்தி, பின்னால் போய், மீண்டும் கேட்கலாம். முப்பது பேர் முன்னிலையில் கைதூக்கிக் கேட்கக் கூச்சப்படும் மாணவருக்கு இது சிறிய வசதியன்று.

பார்ப்பவரையே படமெடுப்பவராக மாற்றுவது இவற்றில் மிகவும் துணிவான யோசனை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மார்சி டௌன்ஸ் குழுவினர் 2015-இல் விவரித்த முறையில், மாணவர் தாம் பிப்பெட்டைக் கையாள்வதைத் தாமே விளக்கிப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும்; ஆசிரியர் அதைப் பார்த்துத் திருத்தம் சொல்லி, தேறியவருக்கு மின்சான்று வழங்குவார். எடின்பரோவில் இதையே சக மாணவர் ஒருவர் பார்த்துக் குறைசொல்லும் பயிற்சியாக விரித்தனர். கைப்பேசிக்கு ஆய்வகத்தில் தடை விதிக்கும் கல்லூரிகளின் அச்சம் நியாயமானதே. அமிலமும் கவனச்சிதறலும் சேரக் கூடாது. மேசைக்கு ஒரு கைப்பேசி, அதுவும் தாங்கியில் மட்டும் என்ற கட்டுப்பாட்டோடு ஒரு பருவத்துக்கு இரண்டு திறன்களை மட்டும் பதிவுசெய்யச் சொன்னால் பெரிய குழப்பம் நேராது. குடுவைக்குள் எட்டிப் பார்க்கும் ஆர்வத்தில் தலை சாய்ந்து, பியூரெட்டைக் கீழிருந்து மேலாகப் படித்து, இடமாறு தோற்றப்பிழைக்கு ஆளாவதைத் தம் சொந்தப் பதிவில் பார்க்கும் மாணவருக்கு அதை வேறு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றாலும் மிஞ்சுவது நேரம். வகுப்பின் தொடக்கத்தில் செயல்முறையைக் கரும்பலகையில் எழுதி விளக்கச் செலவாகும் அரை மணி நேரம் முந்தைய இரவுக்கு நகர்ந்துவிட்டால், மேசையில் ஒரு தரம்பார்த்தலைக் கூடுதலாகச் செய்ய இடம் கிடைக்கிறது. முதல் முறை தோராயம், இரண்டாம் முறை சரியான அளவு, அது ஒத்துவருகிறதா என்று மூன்றாம் முறை. நேரமின்மையால் இரண்டாவது எண்ணையே மூன்றாவதாகவும் நோட்டில் எழுதிவிடும் பழக்கம் எல்லா ஆய்வகங்களுக்கும் தெரிந்த ரகசியம். அந்த மூன்றாம் முறையில்தான் மாணவர் முடிவுநிலைக்கு அருகே வேகத்தைக் குறைத்து, முனையில் தொங்கும் அரைச்சொட்டைக் குடுவையின் உள்சுவரில் தொட்டு எடுத்து, கழுவு புட்டியால் சிறிது நீர் பீய்ச்சி இறக்கி, வெள்ளைத்தாளின்மீது வைத்துப் பார்த்து, நிறம் அரை நிமிடம் நிற்கிறதா என்று காத்திருக்கிறார்.